கல்லும் கள்ளியும் சேர்ந்தால் தெனோச்: நாவாத்ல் பட எழுத்தில் ஆள்பெயர் படிக்க ஒரு தொடக்க வழிகாட்டி

மெந்தோசா சுவடியின் 2-ஆம் ஏட்டு முன்பக்கத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கும் இந்தச் சுவடி முழுவதையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பக்கத்தின் நடுவில் சப்பாத்திக்கள்ளி, அதன் மேல் ஒரு கழுகு. இன்றைய மெக்சிகோ கொடியில் இருப்பதும் அந்தக் கழுகுதான். நீல நிறக் கால்வாய்கள் குறுக்காக ஓடிப் பக்கத்தை நான்கு கூறாகப் பிரிக்கின்றன. அந்தக் கூறுகளுக்குள் பத்து ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்பது பேர் பச்சைக் கோரைக் கட்டுகள் மேல். ஒருவர் மட்டும் பின்னல் பாய் மேல். அவருடைய உடம்பு கறுப்பாகத் தீட்டப்பட்டிருக்கிறது. வாய்க்கு முன்னால் ஒரு சின்னச் சுருள் எழும்புகிறது.

இப்போது அவர் தலைக்குப் பின்னால் பாருங்கள். மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று கிளம்பி ஒரு சிறு படத்தில் போய் முடிகிறது. கீழே ஒரு கல், அதிலிருந்து முளைத்த கள்ளி. கல்லுக்கு, மெக்சிகோவின் அஸ்டெக்குகள் பேசிய நாவாத்ல் மொழியில் 'தெத்ல்', சப்பாத்திக்கள்ளிப் பழத்துக்கு 'நோச்த்லி'. இரண்டின் வேரையும் சேர்த்துச் சொன்னால் 'தெ-நோச்'. அந்த ஆளின் பெயர் தெனோச். அஸ்டெக்குகளின் தலைநகரான தெனோச்தித்லானின் (இன்றைய மெக்சிகோ நகரம்) பெயரிலும் இதே இரண்டு வேர்கள்தான் இருக்கின்றன. நீங்கள் முதல் பெயரைப் படித்துவிட்டீர்கள்.

இனி வருவதெல்லாம் இதே வேலையைக் கொஞ்சம் கவனத்தோடு செய்வதுதான். ஒரே ஒரு விதியை மட்டும் கடைசி வரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: படத்தைப் பார்த்தவுடன் அதற்கு என்ன தத்துவம் என்று யோசிக்காதீர்கள், வாய்விட்டு அதன் பெயரைச் சொல்லுங்கள். நாவாத்ல் பெயர்ப்படங்கள் காதுக்காக எழுதப்பட்டவை. புதிதாக வருபவர்கள் பலரும் இடறுவது இங்கேதான். கழுகைப் பார்த்தால் வீரம், பாம்பைப் பார்த்தால் ஞானம் என்று பொருள் தேடிப் போய்விடுகிறார்கள். எழுதியவர் சொல்ல வந்ததோ ஒரு மனிதனின் பெயரை.

தமிழ் வாசகர்களுக்கு இந்த உத்தி புதிதல்ல. சிந்துவெளி முத்திரைகளில் உள்ள மீன் குறியை 'மீன்' என்று ஒலித்து விண்மீனாகப் படிக்கலாம் என்ற கருத்தைப் பலரும் கேட்டிருப்பீர்கள். ஒலி ஒத்துப்போனால் ஒரு பொருளின் படத்தை வேறொரு சொல்லுக்குக் கடன் வாங்கலாம் என்பதே அதன் அடிப்படை. சிந்துவெளியில் அது இன்னும் கருதுகோள். மெக்சிகோவில் நிலைமை வேறு. 1521-இல் தெனோச்தித்லான் ஸ்பானியர்களிடம் வீழ்ந்த பிறகும் நாவா எழுத்தர்கள் (நாவாத்ல் பேசுபவர்கள்தான் நாவா மக்கள்) பல பத்தாண்டுகள் படங்களில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படங்களின் பக்கத்திலேயே ரோமன் எழுத்தில் பெயரைக் குறித்தும் வைத்தார்கள். விடை பக்கத்திலேயே இருக்கிறது. நாவாத்ல் செத்த மொழியும் அல்ல. மெக்சிகோவில் இன்றும் 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதைப் பேசுகிறார்கள்.

எந்தச் சுவடியில் தொடங்குவது

மெந்தோசா சுவடியில் தொடங்குங்கள். 1540-களின் தொடக்கத்தில் மெக்சிகோ நகரில் எழுதப்பட்டது. படங்கள் பெரியவை, கோடு தெளிவு, வண்ணம் உண்டு, ஸ்பானிய விளக்கமும் கூடவே இருக்கிறது. அதன் முதல் பகுதி தெனோச்தித்லான் அரசர்களின் வரிசை. அதில் உள்ள பெயர்களை ஒரு வாரத்தில் பழகிவிடலாம்.

அடுத்தது, என் மனதுக்கு மிக நெருக்கமான வேஷோத்சின்கோ மத்ரீக்குலா. இன்றைய புவெப்லா நகருக்குப் பக்கத்தில் உள்ள ஊர்களில் 1560-இல் எடுத்த வரிக் குடிக்கணக்கு இது. இப்போது பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. பக்கம் பக்கமாக வரிசை வரிசையாகத் தலைகள், ஒவ்வொரு தலைக்கும் ஒரு பெயர்ப்படம். அரசர்கள் இல்லை. உழுதவர்கள், தச்சர்கள், வரி கட்டியவர்கள். ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்களின் பெயர் அவரவர் மொழியில், அவரவர் எழுத்தில் நிற்கிறது. வேறெந்த ஆவணத்திலும் தடம் பதிக்காதவர்கள் அவர்களில் எத்தனையோ பேர்.

ஒரு எச்சரிக்கை. 'வேஷோத்சின்கோ சுவடி' என்று வேறொன்றும் இருக்கிறது. அது 1531-இல் ஒரு வழக்குக்காக வரைந்த எட்டுத் தாள்கள், வாஷிங்டனில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளது. ஊர் மக்கள் வரியாகக் கொடுத்த பொருள்களின் கணக்கு அது. ஆள்பெயர் தேடுபவருக்கு 1560-இன் மத்ரீக்குலாதான் வேண்டும். தேடும்போது ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக வெர்காரா சுவடி, சாந்தா மரியா அசுன்சியோன் சுவடி. இரண்டும் தெஸ்கோகோ நகருக்கு அருகிலுள்ள தெபெத்லவோஸ்தோக் பகுதியின் குடிக்கணக்கும் நிலக்கணக்கும். ஒலியெழுத்துகள் நிறையப் புழங்கும் இடம் என்பதால் கடினம். கடைசியாகத் தொடுங்கள்.

கோட்டைத் தொடர்ந்து போங்கள்

பக்கத்தைத் திறந்ததும் முதல் வேலை, எந்தப் படம் எழுத்து, எந்தப் படம் காட்சி என்று பிரிப்பது. கோடுதான் துணை. தலையையோ உடம்பையோ ஒரு சிறு படத்தோடு இணைக்கும் கோடு இருந்தால் அந்தப் படம் பெரும்பாலும் பெயர். கோடு இல்லாமல் தலைக்கு மேலோ பின்னாலோ ஒட்டி நிற்பதும் உண்டு.

ஆனால் கோட்டில் கட்டியதெல்லாம் பெயர் ஆகிவிடாது. மெந்தோசா சுவடியில் முதல் அரசர் அகாமாபிச்த்லி இரண்டு முறை வருகிறார். பெயர்ப்படம் ஒரு பிடி நாணலைப் பற்றிய கை. 'ஆகாத்ல்' நாணல், 'மாபிச்த்லி' கைப்பிடி. ஓரிடத்தில் அதோடு பாம்பு சேர்ந்த பெண் தலை ஒன்றும் இருக்கிறது. அது 'சிவாகோவாத்ல்', பாம்புப்பெண் என்ற பதவிப் பட்டம்.

இன்னொரு இடம் 57-ஆம் ஏட்டு முன்பக்கம். பெயர்களைப் படிக்கப் போகிற எவரும் இந்தப் பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெயர் வைக்கும் சடங்கே இங்கே வரையப்பட்டிருக்கிறது. மேலே தொட்டிலில் குழந்தை. பிறந்து நான்காம் நாள் மருத்துவச்சி அதை முற்றத்துக்கு எடுத்து வருகிறாள். கோரை மேல் தண்ணீர்ப் பாத்திரம். ஆண் குழந்தைக்குரிய கேடயமும் அம்புகளும் தொழில் கருவிகளும் ஒரு பக்கம், பெண் குழந்தைக்குரிய துடைப்பமும் நூற்கும் கதிரும் மறுபக்கம். ஓரத்தில் மூன்று சிறுவர்கள் வறுத்த சோளமும் அவரையும் கலந்த தீனியைத் தின்றுகொண்டிருக்கிறார்கள். குழந்தையை நீராட்டிய பிறகு அதன் பெயரை உரக்கக் கூவுவது அவர்கள் வேலை. தொட்டில் அருகே நான்கு வட்டப் பூக்கள் வரிசையாக இருக்கின்றன. எண் என்று நினைத்து 'நான்கு பூ' என்று பெயராகப் படிக்கத் தோன்றும். அவை நான்கு நாள்கள்.

ஒலிப்பும் வாலும்

நாவாத்லின் 'த்ல்' என்பது ஒரே மெய். நாக்கு 'த்' நிலையில் இருக்க, காற்று பக்கவாட்டில் கசியும். சொல்லின் கடைசியில் கிட்டத்தட்டக் கிசுகிசுப்பாகத்தான் கேட்கும். ஸ்பானியர்கள் ரோமன் எழுத்தில் 'எக்ஸ்' போட்டிருந்தால் 'ஷ' என்று படியுங்கள். 'இசட்' என்பது 'ஸ'.

அந்தக் காலத்து எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும். பாம்பை ஒருவர் 'கோவாத்ல்' என்று ஒருவிதமாக எழுதுவார், இன்னொருவர் நடுவில் ஓர் எழுத்தைக் கூட்டுவார். கிறிஸ்தவப் பெயர்களைச் சுருக்கி மேலே ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். ஆகவே குறிப்பையும் வாய்விட்டே படியுங்கள். கண்ணுக்கு வேறாகத் தெரிந்தது காதுக்கு ஒன்றாகிவிடும்.

அடுத்து வால். நாவாத்ல் பெயர்ச்சொற்கள் தனியாக நிற்கும்போது 'த்ல்', 'த்லி', 'லி' என்று ஒரு விகுதி ஒட்டிக்கொள்ளும். வேறொரு சொல்லோடு புணரும்போது முன்சொல்லின் விகுதி உதிர்ந்துவிடும். நம் கடைகளில் 'சில்லி' என்று விற்கும் சொல் நாவாத்லிலிருந்து ஸ்பானியம் வழியாக உலகம் சுற்றி வந்தது. அதன் வேர் 'சில்', கடைசி 'லி' இந்த விகுதி. பெயர்ப்படத்தில் இந்த வால் வழக்கமாக வரையப்படுவதில்லை. படிப்பவர் தானே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எனவே ஒவ்வொரு படத்துக்கும் முழுச் சொல்லை எழுதுங்கள், வாலை வெட்டுங்கள், மிச்சத்தை ஒட்டுங்கள். தெனோச்சோடு உட்கார்ந்திருக்கும் ஒன்பது பேரில் ஒருவருக்குச் சிறுத்தைப் புள்ளிகள் கொண்ட ஒரு கொடி. 'ஓசெலோத்ல்' சிறுத்தை, 'பான்த்லி' கொடி. ஓசெலோபான்.

அரசர் வரிசையில் பயிற்சி

சிமல்போபோகா: 'சிமல்லி' கேடயம், 'போபோகா' புகைகிறது. வட்டக் கேடயத்தின் விளிம்பிலிருந்து புகைச் சுருள்கள் எழும். இதைவிட எளிதான பெயர் கிடையாது.

இத்ஸ்கோவாத்ல்: 'இத்ஸ்த்லி' என்பது எரிமலைக் கண்ணாடிக் கல். அந்தக் கால மெக்சிகோவில் கத்தி முனைகள் பலவும் அதில்தான். பாம்பு ஒன்று வளைந்து நிற்க, அதன் முதுகு நெடுக அந்தக் கல்லின் முனைகள் துருத்திக்கொண்டிருக்கும்.

ஆஷாயாகாத்ல்: ஒரு முகம், அதன் மேல் ஓடும் நீர். 'ஆத்ல்' நீர், 'ஷாயாகாத்ல்' முகம். உண்மையில் ஆஷாயாகாத்ல் என்பது தெஸ்கோகோ ஏரியில் வாழும் ஒரு நீர்ப்பூச்சி. எழுத்தர் பூச்சியை வரையாமல் நீரையும் முகத்தையும் வரைந்து ஒலியை எழுதிவிட்டார்.

மொத்தெக்சோமா: ஸ்பானியர் வாயில் 'மொக்தெசுமா' ஆனவர். 'பிரபுவைப் போலச் சினந்து முகம் சுளிப்பவர்' என்பது பெயரின் பொருள். இவ்வளவு நீளப் பெயருக்கு வரைந்திருப்பது ஒரே ஒரு நீலமணி நெற்றிப்பட்டம். பிரபுக்களின் அடையாளம் அது, 'தெக்த்லி' என்ற சொல்லுக்கு நிற்கிறது. நடுத்துண்டை எழுதிவிட்டு மீதியை வாசகரின் நினைவுக்கு விட்டுவிட்டார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு: அரசர் என்பதால் அவர் தலையிலும் அதே பட்டம் இருக்கிறது. தலையில் இருப்பது பதவி, கோட்டில் கட்டியிருப்பது பெயர்.

கடைசி அரசர் குவாவ்தெமோக் இந்த வரிசையில் இல்லை, வேறு சுவடிகளில் வருவார். 'குவாவ்த்லி' கழுகு, 'தெமோக்' இறங்கியது. தலைகீழாகக் கீழே பார்க்கும் கழுகு. வினைச்சொல்லைக்கூடப் படத்தின் நிலையை வைத்தே எழுதிவிட முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

புள்ளிகள் இருந்தால் நாட்பெயர்

நாவா மக்களின் சடங்கு நாள்காட்டியில் 260 நாள். 20 நாட்குறிகள், 1 முதல் 13 வரை எண்கள், இரண்டும் பல்சக்கரம் போலச் சுழன்று இணையும். முதலை, காற்று, வீடு, பல்லி, பாம்பு, சாவு, மான், முயல், நீர், நாய், குரங்கு, புல், நாணல், சிறுத்தை, கழுகு, பிணந்தின்னிக் கழுகு, அசைவு, தீக்கல், மழை, பூ என்பது குறிகளின் வரிசை. பிறந்த நாளின் குறியே குழந்தைக்குப் பெயராகும். நாள் கெட்டதாக இருந்தால் நாள் பார்ப்பவர் நீராட்டுச் சடங்கை நல்ல நாளுக்குத் தள்ளிவைப்பார்.

எண்ணைச் சிறு வட்டங்களால் காட்டுவார்கள். இரண்டு வட்டமும் முயல் தலையும் இருந்தால் 'ஓமெ தோச்த்லி', இரண்டு முயல். ஞானஸ்நானத்துக்குப் பிறகும் இந்தப் பெயர்கள் அழியவில்லை. தெஸ்கோகோவின் பிரபு தோன் கார்லோஸ் ஓமெதோச்சின் 1539-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் சமய விசாரணையால் எரித்துக் கொல்லப்பட்டார். பெயரின் கடைசியில் வரும் 'சின்' மரியாதை விகுதி. நாம் 'அவர்கள்' சேர்ப்பது மாதிரி. ஆள்பெயர்ப் படத்தில் அது எழுதப்படாமலேயே போவது சகஜம்.

குடிக்கணக்குகளில் எண் இல்லாமல் வெறும் முயல், வெறும் பாம்பு, வெறும் பூவும் நிறைய வரும். நாட்பெயரில் எண் உதிர்ந்ததா, புனைபெயரா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பக்கத்திலுள்ள குறிப்பைப் பாருங்கள். அங்கும் எண் இல்லையென்றால் உள்ளபடி எழுதிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

நாட்பெயர் அல்லாத பெயர்களில் அடிக்கடி எதிர்ப்படுவது 'யாவோத்ல்', எதிரி அல்லது போர் என்று பொருள். ஒரு கேடயமும் கல்முனை பதித்த மரவாளும் அதன் படம். பெண்கள் பெயர் தனிக்கதை. ரோமன் எழுத்தில் எழுதிய மொரேலோஸ் பகுதிக் குடிக்கணக்குகளைப் பார்த்தால் தெயாகாபான், த்லாகோ, தெயிகு, ஷோகோ என்று நான்கைந்து பெயர்களே திரும்பத் திரும்ப வரும். மூத்தவள், நடுப்பிள்ளை, இளையவள், கடைக்குட்டி. ஆண்களுக்குக் கழுகும் சிறுத்தையும் கிடைத்த இடத்தில் பெண்ணுக்குக் கிடைத்தது பிறந்த வரிசை. அதைக் குறித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

படம் வெறும் அசையாக மாறும் இடம்

ஒரு படம் முழுச் சொல்லுக்கு நிற்கலாம், அல்லது அந்தச் சொல்லின் முதல் அசைக்கு மட்டும் நிற்கலாம். நீர் என்றால் 'ஆ', கல் என்றால் 'தெ', கை என்றால் 'மா', கொடி என்றால் 'பா', பல் என்றால் 'த்லா', பானை என்றால் 'கோ', அவரை என்றால் 'எ'.

இதை உலகுக்கு முதலில் தெளிவாகக் காட்டியவர் பிரெஞ்சுக்காரர் ஜோசப் மாரியுஸ் அலெக்ஸி ஓபான். 1849-இல் வெளியிட்ட ஆய்வில் அவர் எடுத்துக்கொண்ட சான்று மேலே பார்த்த அதே இத்ஸ்கோவாத்ல் என்ற பெயர். வெர்காரா சுவடியில் அந்தப் பெயர் கொண்ட ஒரு குடியானவர் இருக்கிறார். அவர் பெயர்ப்படத்தில் பாம்பே இல்லை. கல்முனைகள், ஒரு பானை, கொஞ்சம் நீர். இத்ஸ், கோ, ஆ. வாலைச் சேர்த்தால் இத்ஸ்கோவாத்ல். அரசருக்குச் சொல்லெழுத்தில் எழுதிய அதே பெயரை இன்னொரு எழுத்தர் அசை அசையாக எழுதிக் காட்டிவிட்டார். இரண்டு படங்களையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் உங்கள் கையால் வரைந்து பாருங்கள். இந்த எழுத்தின் இயக்கம் கையிலேயே புரிந்துவிடும்.

2008-இல் ஸ்பானிய அறிஞர் அல்ஃபோன்சோ லாகதேனா இந்த அசைக்குறிகளை முறையாகத் தொகுத்து, நாவாத்ல் எழுத்து மாயா எழுத்தைப் போலவே சொல்லும் அசையும் கலந்தது என்று வாதிட்டார். எந்த அளவுக்கு ஒலியெழுத்து, எந்த அளவுக்கு ஓவியம் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு தொடர்கிறது. தொடக்கத்தில் அந்தச் சண்டைக்குள் போக வேண்டாம்.

பதிவு செய்யும் முறை மட்டும் இப்போதே பழகுங்கள். ஆய்வாளர்கள் சொற்குறியைப் பெரிய எழுத்திலும் அசைக்குறியைச் சிறிய எழுத்திலும் எழுதுவார்கள். தமிழில் அந்த வேறுபாடு கிடையாது. நான் சொற்குறிக்கு அடிக்கோடு போட்டுவிடுகிறேன், அசைக்குறியைச் சும்மா விடுகிறேன். எழுதாமல் விட்டு நான் சேர்த்ததை அடைப்புக்குறிக்குள் வைக்கிறேன். மொத்தெக்சோமா என்றால் நடுவில் 'தெக்' மட்டும் அடிக்கோட்டோடு, இரு பக்கமும் அடைப்புக்குறி. எது சுவடியில் இருப்பது, எது நம் ஊகம் என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

படங்களைப் படிக்கும் திசைக்கு விதி எதுவும் இல்லை. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், உள்ளிருந்து வெளியே, எப்படியும் வரலாம். மூன்று படம் இருந்தால் ஆறு வரிசையையும் சொல்லிப் பார்த்து, அகராதியில் பொருள் தருவதை எடுத்துக்கொள்ளுங்கள். அலோன்சோ தே மோலினாவின் 1571-ஆம் ஆண்டு அகராதிதான் இன்றும் அடிப்படை. மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தின் இணையப் பேரகராதியில் அதையும் தேடலாம். பெயர்ப்படங்களை ஒவ்வொன்றாக வெட்டி விளக்கும் காட்சி அகராதி ஒன்றை ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபனி வுட் நடத்தி வருகிறார். மத்ரீக்குலாவின் பெயர்கள் அதில் ஏராளம்.

தினமும் பத்துத் தலை போதும். குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தைச் சொல்லிப் பாருங்கள், பிறகு திறந்து பாருங்கள். குறிப்பில் 'ஹுவான் யாவோத்ல்' என்று இருந்தால், பெரும்பாலும் படம் எழுதுவது பின்பாதியைத்தான்.

ஸ்பானியப் பெயர்கள்

வெளிநாட்டுப் பெயர்களில்தான் இந்த எழுத்தர்களின் திறமை முழுசாக வெளிப்படுகிறது. பொருள் தெரியாத சொல்லை ஒலியால் மட்டுமே பிடித்தாக வேண்டிய கட்டாயம். ஜெபம் கற்றுக்கொண்டவர்கள் 'பாத்தெர் நொஸ்தெர்' என்ற லத்தீன் ஜெபத் தொடக்கத்துக்குக் கொடி, கல், கள்ளிப்பழம், கல் என்று வரைந்தார்கள், 'ஆமென்' என்பதற்கு நீரும் ஆனைக்கற்றாழையும் வரைந்தார்கள் என்று 16-ஆம் நூற்றாண்டுப் பாதிரியார்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பான்-தெ-நோச்-தெ, ஆ-மெ. எல்லாம் நாம் ஏற்கெனவே படித்த குறிகள்.

எல்லா ஸ்பானியருக்கும் ஒலியால் எழுதவில்லை. படைத்தலைவர் பெத்ரோ தே அல்வராதோவை நாவா மக்கள் 'தொனாத்தியு', சூரியன் என்று அழைத்தார்கள். தெல்லெரியானோ-ரெமென்சிஸ் சுவடியில் 1541-இல் அவர் இறந்ததைக் காட்டும் இடத்தில் ஒரு சூரியன்தான் அவர் பெயர்.

அதே சுவடியில் இன்னொரு ஸ்பானியர் இருக்கிறார். அவரை உங்களுக்கே விடுகிறேன். கோட்டின் முனையில் இரண்டு குறிகள்: ஓர் ஆனைக்கற்றாழை, 'மெத்ல்'. மண்ணுக்குள் வளை தோண்டும் எலி போன்ற ஒரு பிராணி, 'தோசான்'. நம் 'பந்து' என்பதில் வருவது போன்ற மென்மையான 'த' ஒலி ஸ்பானியத்தில் உண்டு, நாவாத்லில் இல்லை, அங்கே வல்லினத் 'த' தான் அதற்கு நிற்கும்; அசையின் கடைசியில் வரும் 'ன்' எழுத்தில் அடிக்கடி விடுபடும். வால்களை வெட்டி, சேர்த்து, வாய்விட்டுச் சொல்லுங்கள். மெ-தோசா. புதிய ஸ்பெயினின், அதாவது ஸ்பானியர் ஆண்ட மெக்சிகோவின், முதல் அரசப் பிரதிநிதி அந்தோனியோ தே மெந்தோசா. நாம் முதலில் திறந்த சுவடிக்கு அவர் பெயர்தான்.